"யார் நீ?" என்று கேட்பவர் யார்? கதைகளில் அடையாளமும் அதிகாரமும்

பேயோட்டுகிற பூசாரி முதலில் கேட்பது பேயின் பெயரை. உடுக்கைச் சத்தம் ஏற ஏற, சாம்பிராணிப் புகைக்கு நடுவே தலைவிரித்து ஆடும் பெண்ணின் முகத்துக்கு நேரே வேப்பிலையை நீட்டி, "யார் நீ? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்?" என்று அதட்டுவார். பேய் லேசில் சொல்லிவிடாது. சிரிக்கும், வையும், கேட்டவரையே கேலி செய்யும். அதுவரை சுற்றி நிற்பவர்களின் வயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும். பெயர் வெளியே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிணற்றில் விழுந்து செத்த இன்னாருடைய மகள், தூக்கில் தொங்கிய இன்னார் என்று தெரிந்தபின் அது பேரம் பேசக்கூடிய ஓர் ஆளாகிவிடுகிறது. என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்து, போய்விடுவதாகச் சத்தியம் வாங்கி, தலைமுடியில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து முடிப்பார்கள்.

நாட்டார் கதை, நாவல், சினிமா மூன்றிலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஒரு கருத்து இந்தச் சடங்குக்குள் முழுசாக இருக்கிறது. ஒருவர் யார் என்பது அடையாளம். அவரை ஆட்டிவைக்கும் திறன் யாரிடம் இருக்கிறது என்பது அதிகாரம். இலக்கியம் பேசுகிறவர்கள் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லும்போது புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு மலைப்பாக இருக்கும். உள்ளபடியே இதில் மலைக்க ஒன்றுமில்லை. 'நான்' என்பது நெஞ்சுக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்த ஒரு பொருள் என்று நாம் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். கதைகள் அப்படி நினைப்பதில்லை. கதைகளில் அது பெயராக, பிறப்பாக, ஒரு மோதிரமாக, ஒரு சிலம்பாக வெளியே கிடக்கிறது. வெளியே கிடப்பதால் அதைப் பிறர் பறிக்கலாம், மறைக்கலாம், மாற்றி எழுதலாம், பொய்யாகச் சுமத்தலாம்.

அதிகாரம் என்றதும் நமக்கு வாளும் சிறையும் நினைவுக்கு வருகின்றன. அதன் மிகச் சிறிய வடிவம் வேறு. கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் மற்றவருக்கும் இருந்தால், அங்கேயே அதிகாரம் வந்துவிட்டது. காவல் நிலையத்தில் பெயரைக் கேட்பவரின் பெயரை நாம் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே ஒரு கதையை எடுத்துக்கொண்டால், "நீ யார்?" என்று கேட்பது யார், பதில் சொல்ல வேண்டியது யார் என்று பார்ப்பதுதான் நல்ல தொடக்கம். பிறகு அதைவிட முக்கியமான இன்னொன்றையும் பார்க்கலாம்: அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படவே இல்லை? பூசாரி பேயின் பெயரைக் கேட்கிறார், ஊரைக் கேட்கிறார், அதன் மனக்குறையையும் கேட்கிறார். ஆடிக் களைத்து விழும் அந்தப் பெண்ணின் மனக்குறையை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

பெயரைக் கண்டுபிடித்தால் ஆளைப் பிடித்தாயிற்று

ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812இல் வந்தது. அதில் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதை இருக்கிறது. ஒரு மாவரைப்பவன், தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று அரசனிடம் பீற்றிக்கொள்கிறான். அரசன் அவளை ஓர் அறையில் அடைத்து, விடிவதற்குள் நூற்காவிட்டால் சாவு என்கிறான். அவள் அழுதுகொண்டிருக்கும்போது ஒரு குள்ளன் வருகிறான். முதல் இரவு அவள் கழுத்தணியையும் இரண்டாம் இரவு மோதிரத்தையும் கூலியாக வாங்கிக்கொண்டு நூற்றுத் தருகிறான். மூன்றாம் இரவில் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லாததால், பிறக்கப்போகும் முதல் குழந்தையைக் கேட்கிறான். அவள் அரசியாகிறாள், குழந்தை பிறக்கிறது, குள்ளன் வந்து நிற்கிறான். அவள் கெஞ்சியழ, மூன்று நாளுக்குள் என் பெயரைக் கண்டுபிடித்தால் குழந்தை உனக்கே என்கிறான். காட்டில் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டு, தன் பெயர் யாருக்கும் தெரியாது என்று அவனே பாடியதை அரசியின் தூதன் ஒட்டுக்கேட்டு வந்து சொல்கிறான். பெயர் அவள் வாயிலிருந்து வந்ததும் குள்ளனின் ஆட்டம் முடிந்தது. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் பன்னாட்டு அட்டவணையில் இதற்கு 500 என்ற எண்ணே உண்டு. அந்த அளவுக்கு இதே கதை ஐரோப்பாவெங்கும் வேறு வேறு பெயர்களில் உலவியிருக்கிறது.

பேயோட்டும் சடங்கின் அதே இயக்கம்தான். பெயர் தெரியாதவரை எதிராளி மேலே, தெரிந்துவிட்டால் கீழே. ஆனால் இந்தக் கதையில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது வேறொன்று. ஒரு பெயரைக் கண்டுபிடிப்பதையே மையமாக வைத்த கதையில், கண்டுபிடிக்கிற பெண்ணுக்குப் பெயரே இல்லை. தொடக்கத்தில் அவள் மாவரைப்பவனின் மகள். திருமணத்துக்குப் பிறகு அரசி. அப்பன் பீற்றிக்கொண்டதும், அரசன் மிரட்டியதும், குள்ளன் பேரம் பேசியதும் அவளை வைத்துத்தான். அவளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று அந்தக் கதைக்குத் தோன்றவில்லை. சொன்னவர்கள் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள் என்று நான் கருதவில்லை. அப்படி விட்டது யார் கண்ணிலும் படாமல் போயிற்றே, அதுதான் விஷயம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு பழையது என்பதற்கு எகிப்து சாட்சி. இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கும், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பாப்பிரஸ் சுவடியில் ஐசிஸ் என்னும் தெய்வமகளின் கதை எழுதப்பட்டிருக்கிறது. கிழவனாகிவிட்ட சூரியக் கடவுள் ராவின் வாயிலிருந்து ஒழுகிய எச்சிலை மண்ணோடு பிசைந்து அவள் ஒரு பாம்பைச் செய்கிறாள். அது ராவைக் கடிக்கிறது. உன் பெயரைச் சொன்னால் விஷத்தை இறக்குகிறேன் என்கிறாள். காலையில் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் ஆட்டும் என்று அவர் தன் பட்டங்களையெல்லாம் அடுக்குகிறார். விஷம் இறங்கவில்லை. ஊருக்குத் தெரிந்த பெயர்களால் பயனில்லை, மறைத்துவைத்த பெயர்தான் வேண்டும். கடைசியில் வலி தாங்காமல் அதை அவளுக்கு மட்டும் கொடுக்கிறார். அந்தப் பெயர் என்ன என்று சுவடி நமக்குச் சொல்வதில்லை. கடவுளே ஆனாலும், கேள்வி கேட்கும் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அந்தச் சுவடி விஷக்கடிக்கு ஓதும் மந்திரமாகவே பயன்பட்டது.

மறைந்துகொள்வது

பெயர் தெரிந்தால் ஆபத்து என்றால், பலமில்லாதவர் செய்யக்கூடியது பெயரை ஒளித்துக்கொள்வது. கிரேக்கக் காவியமான ஒடிஸியில் ஒற்றைக் கண் அரக்கன் பாலிஃபீமஸ், ஒடிசியஸையும் கூட்டாளிகளையும் குகையில் அடைத்து இரண்டிரண்டு பேராகத் தின்கிறான். பெயரைக் கேட்டபோது ஒடிசியஸ், "என் பெயர் ஒருவருமில்லை" என்கிறான். அன்றிரவு அரக்கனின் கண்ணைக் குத்துகிறார்கள். அவன் அலறுவதைக் கேட்டு வந்த மற்ற அரக்கர்கள் வெளியே நின்று, உன்னைக் கொல்வது யார் என்று கேட்க, "ஒருவருமில்லை" என்று கத்துகிறான். அப்படியானால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கிட என்று போய்விடுகிறார்கள்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு அடுத்த நிமிடத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். கப்பலேறித் தப்பித்துவிட்ட ஒடிசியஸால் சும்மா போக முடியவில்லை. உன் கண்ணைக் குருடாக்கியது லாயர்ட்டஸின் மகன், இத்தாக்காவில் வீடுள்ள ஒடிசியஸ் என்று கரையைப் பார்த்துக் கத்துகிறான். கூட்டாளிகள் தடுத்தும் கேட்கவில்லை. பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் கைக்குக் கிடைத்தவுடன் அரக்கன் தன் தந்தையான கடல் கடவுள் பொசைடனிடம் அதே மூன்றையும் சொல்லிச் சாபம் கேட்கிறான். ஒடிசியஸ் எல்லாக் கூட்டாளிகளையும் இழந்து, காலங்கடந்து, அயலார் கப்பலில் வீடு திரும்ப நேர்ந்தது அந்தச் சாபத்தால்தான். 'ஒருவருமில்லை' என்றிருந்தால் உயிர் பிழைக்கலாம், ஆனால் செய்த வீரம் யாருடையது என்று உலகத்துக்குத் தெரியாது. புகழ் வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொன்னால் பகைவன் கைக்கு அகப்பட வேண்டும். அந்த மனிதனின் தவிப்பு எனக்கு முழுதும் புரிகிறது.

நம் ஊர்த் தாய்மார்களுக்கு இந்தப் புகழாசை கிடையாது, பிள்ளை பிழைத்தால் போதும். முன்பு பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினார்கள். பிச்சை என்று அழைத்தார்கள். எமன் வந்து பார்த்தால், இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒடிசியஸின் அதே உபாயத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சாவிடமே செய்து பார்த்திருக்கின்றன.

பறிப்பதும் எண் போடுவதும்

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2001இல் வந்த அனிமேஷன் படம். சிஹிரோ என்ற பத்து வயதுச் சிறுமி, ஆவிகள் குளிக்க வரும் ஒரு குளியல் மாளிகையில் வேலைக்குச் சேர வேண்டியதாகிறது. அதன் முதலாளி யுபாபா என்னும் சூனியக்காரி. வேலை ஒப்பந்தத் தாளில் சிறுமி தன் முழுப் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். யுபாபா தாளின் மேல் கையை அசைக்க, எழுத்துகள் தாளை விட்டு எழுந்து அவள் உள்ளங்கைக்குள் போய்விடுகின்றன. ஒரே ஓர் எழுத்து மிச்சமாகத் தாளில் கிடக்கிறது. இனி உன் பெயர் சென் என்கிறாள் யுபாபா. அந்த நொடியில் அடியும் இல்லை, மிரட்டலும் இல்லை. ஒரு முதலாளி கையெழுத்து வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாள் காலை, தோழிகள் கொடுத்த வழியனுப்பு அட்டையில் தன் பெயரைப் பார்க்கும்போதுதான் அது தனக்கு மறந்துபோகத் தொடங்கியிருந்தது சிறுமிக்கே தெரிகிறது. அவளுக்கு உதவும் ஹாக்கு ஏற்கெனவே தன் பெயரை மறந்துவிட்டவன், அதனால்தான் அவனால் அங்கிருந்து போக முடியவில்லை. அவன் உண்மையில் ஒரு நதி. அந்த நதியை மூடி அதன்மேல் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். சின்ன வயதில் அந்த நதியில் விழுந்து பிழைத்த சிஹிரோவுக்குத்தான் அதன் பெயர் நினைவுக்கு வருகிறது. அவள் சொன்னதும் அவன் விடுபடுகிறான். இந்தக் கருத்தைக் குழந்தைக்குக்கூடப் புரியும்படி காட்டிய படம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சூனியக்காரி இல்லாத உலகத்தில் இதே பறிப்பைச் சாட்டையால் செய்தார்கள். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நாவல் 1976இலும் அதையொட்டிய தொலைக்காட்சித் தொடர் 1977இலும் வந்தன. ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து பிடித்துவரப்பட்ட குண்டா கிண்டே என்ற இளைஞனுக்கு அமெரிக்க எசமான் டோபி என்று பெயர் வைக்கிறான். தொடரில் அவனைக் கட்டிவைத்து அடித்தபடியே, உன் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். குண்டா கிண்டே என்கிறான். மறுபடி அடி, மறுபடி அதே கேள்வி. பதில் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வைத்த பெயர்தானே? தெரிந்த பதிலை அவன் வாயாலேயே சொல்லவைப்பதற்காகத்தான் அடிக்கிறார்கள். பெயர் மாறினால் மட்டும் போதாது, மாறியதை அவனே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரலாறு இதைவிடச் சத்தமில்லாமல் இந்த வேலையைச் செய்தது. அமெரிக்காவில் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல்கள் இருந்தன. அவற்றில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாகக் குறிப்புகள் இருக்கும். அடிமையின் பெயருக்கு, மிகச் சில இடங்கள் தவிர, இடமே இல்லை. விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியர்கள், அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியபோது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயரும் பதிவேட்டில் இருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் நிர்வாகம் ஆளைத் தேடிப் பிடித்தது எண்ணை வைத்து.

கிடைத்த அடையாளத்தை வேண்டாம் என்பது

மகாபாரதத்தில் இளவரசர்கள் தங்கள் வில்வித்தையைக் காட்டும் அரங்கில் கர்ணன் நுழைந்து, அர்ச்சுனன் செய்ததையெல்லாம் தானும் செய்து காட்டி, தனிப்போருக்கு அழைக்கிறான். கிருபர் எழுந்து அர்ச்சுனனைக் காட்டி, இவன் பாண்டுவின் மகன், குந்தி வயிற்றில் பிறந்தவன். நீ உன் தாய் தந்தை குலத்தைச் சொல் என்கிறார். மரியாதையாகக் கேட்ட கேள்விதான். அதற்குள் ஒரு கதவு சாத்தப்படுகிறது. மழைநீரில் நனைந்து கவிழ்ந்த தாமரைபோல அவன் முகம் தாழ்ந்தது என்று காவியம் சொல்கிறது. துரியோதனன் உடனே அவனை அங்க நாட்டு அரசனாக்குகிறான். முடிசூட்டிய நீர் தலையில் காய்வதற்குள், கோலூன்றியபடி வியர்த்து நடுங்கி வளர்ப்புத் தந்தை அதிரதன் வந்து நிற்கிறான். கர்ணன் வில்லை வைத்துவிட்டு, ஈரம் சொட்டும் அந்தத் தலையால் தேரோட்டியை வணங்குகிறான். உனக்குச் சாட்டைதான் பொருத்தம் என்று பீமன் சிரிக்கிறான்.

போருக்கு முன்னால் கண்ணன் தனியே வந்து, நீ குந்தியின் மூத்த மகன், வா, நாடு உன்னுடையது என்கிறான். வாழ்நாள் முழுக்கக் கர்ணனை வதைத்த கேள்விக்கு மிக உயர்ந்த பதில் கையில் வந்துவிட்டது. அவன் அதை ஏற்கவில்லை. ராதை பாலூட்டினாள், அதிரதன் எனக்குரிய சடங்கெல்லாம் செய்தான், நான் அவர்கள் மகன் என்கிறான். இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொள்கிறான். ஒரு போரையே நிறுத்திவிடக்கூடிய தன் அடையாளத்தை, தெரிந்தே வாய்க்குள் வைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறான். வட தமிழ்நாட்டுக் கூத்தில் கர்ண மோட்சம் நடக்கும் இரவுகளில் விடியற்காலை வரை பெண்கள் கண்ணீரோடு உட்கார்ந்திருப்பது வீரத்தைப் பார்த்தல்ல என்பது என் எண்ணம். வளர்த்தவளை விட்டுக்கொடுக்காத ஒரு மகனைப் பார்த்து அழுகிறார்கள்.

கேள்வியையே பயனற்றதாக ஆக்கும் வழியும் உண்டு. 1960இல் வெளியான 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில், தோற்றுப்போன அடிமைகளிடம் ரோமானியர்கள், ஸ்பார்ட்டகஸ் யார் என்று காட்டிக்கொடுத்தால் உயிர்ப்பிச்சை என்கிறார்கள். அவன் வாய் திறக்கும் முன்பே பக்கத்திலிருந்தவன் எழுந்து "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்கிறான். இன்னொருவன், அதன்பின் இன்னொருவன் என்று மலைச்சரிவெங்கும் அந்தக் குரல் பரவுகிறது. எல்லோரும் சிலுவையில் அறையப்படுகிறார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

இந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை அழைத்து, நீ கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்று கேட்டது. அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்ற நிலையில் அவர் நின்றார், பதில் சொல்லவில்லை. சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது எந்த ஸ்டுடியோவும் அவர் பெயரைத் திரையில் போடத் தயாராக இல்லை. புனைபெயர்களிலும் பிறர் பெயர்களிலும் எழுதிப் பிழைத்தார். ராபர்ட் ரிச் என்ற பெயரில் அவர் எழுதிய கதைக்கு 1957இல் ஆஸ்கர் கிடைத்தது. மேடையேற அப்படி ஓர் ஆளே இல்லாததால் வேறொருவர் வாங்கிக்கொண்டார். அந்தச் சிலை உரியவர் கைக்கு வந்தது 1975இல். பெயரைக் காட்டிக்கொடுக்க மறுக்கும் கூட்டத்தை எழுதியவரின் சொந்தப் பெயர் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரைக்குத் திரும்பியதும் அதே ஸ்பார்ட்டகஸில்தான்.

மதுரை அரண்மனையில்

இந்தக் கருத்தின் எல்லா இழைகளும் ஒன்றாகச் சேரும் இடம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. அதற்கு முன்னால் நடந்ததை ஒரு வரியில் சொல்லலாம்: சிலம்பு விற்க வந்த கோவலன்மேல் ஒரு பொற்கொல்லன் 'கள்வன்' என்ற பெயரை ஏற்றுகிறான், பாண்டியன் விசாரிக்காமல் அதை ஏற்றுக்கொள்கிறான், கோவலன் வெட்டப்படுகிறான். ஒரு சொல்லால் ஒருவனை வேறொருவனாக்கி அதற்காகவே கொன்றுவிட்டார்கள். அதனால்தான் கண்ணகி சூரியனைப் பார்த்து, என் கணவன் எங்கே என்று கேட்கவில்லை. "கள்வனோ என் கணவன்" என்று கேட்கிறாள். இறந்தவனுடைய உயிருக்கு முன்னால் அவனுடைய பெயரை மீட்க வேண்டியிருக்கிறது.

அரண்மனை வாசலில் அவள் தன் பெயரைச் சொல்வதில்லை. கையில் ஒரு சிலம்பு ஏந்தியவள், "கணவனை இழந்தாள்" வாசலில் நிற்கிறாள் என்று போய்ச் சொல் என்கிறாள். உன் அரசன் எனக்கு என்ன செய்தானோ அதுவே இப்போது என் அடையாளம், அவனுக்கு அது தெரியட்டும் என்பதுபோல. வாயிற்காவலன் நடுங்கிப்போய் உள்ளே ஓடி, வந்திருப்பது யார் என்று சொல்லப் பார்க்கிறான். அவனால் முடியவில்லை. கொற்றவை அல்லள், காளி அல்லள், தாருகனின் மார்பைக் கிழித்த பெண்ணும் அல்லள் என்று 'அல்லள்' 'அல்லள்' என்றே அடுக்குகிறான். இப்படி ஒரு பெண்ணை அந்த அரண்மனை பார்த்ததில்லை, அதனால் அவளுக்குப் பொருத்த அவனிடம் எந்தப் பெயரும் இல்லை. கடைசியில் அவள் சொல்லியனுப்பிய சொற்களையே திரும்பச் சொல்கிறான்.

உள்ளே வந்தவளிடம் அரசன் கேட்கிறான்: "யாரையோ நீ மடக்கொடியோய்." நாம் முதலிலிருந்து பின்தொடரும் அதே கேள்வி. கேட்பவன் சிங்காதனத்தில் இருக்கிறான், பதில் சொல்ல வேண்டியவள் கீழே நிற்கிறாள். அவளுடைய பதிலின் முதல் இரண்டு சொற்கள் "தேரா மன்னா." ஆராய்ந்து பார்க்காத மன்னனே என்று, தான் யார் என்று சொல்வதற்கு முன்னால் அவன் யார் என்று சொல்லிவிடுகிறாள். பிறகு புறாவுக்காகத் தன்னையே கொடுத்த சோழனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனையும் சொல்லி, அவர்களுடைய புகார் என் ஊர் என்கிறாள். மாசாத்துவான் குடி, உன் ஊருக்கு வந்து உன்னால் கொலைக்களப்பட்ட கோவலன், அவன் மனைவி என்று நீண்டுவந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் "கண்ணகி என்பதென் பெயரே" என்று முடிக்கிறாள். அதாவது பதில் சொல்கிறவளாக நுழைந்து, சொல்லி முடிக்கும்போது வழக்கு நடத்துகிறவளாகிவிட்டாள். ஊர், குடி, கணவன் எல்லாம் அந்தப் பதிலில் சாட்சிகளாக வருகின்றன.

அரசன் இன்னும் இறங்கவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான், பழைய பெயரை விடாமல். இனிச் சொல்லால் ஆவது ஒன்றுமில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள், எங்களுடையது முத்து என்கிறான் அவன். சிலம்பு உடைகிறது, தெறித்த மணி அரசனின் வாயருகே படுகிறது. "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அவன் விழுகிறான். கோவலன்மேல் ஏற்றிய அதே பெயர் திரும்பி வந்து, அதைத் தந்தவன்மேலேயே உட்கார்ந்துவிட்டது. அரசன் என்ற அடையாளம் போனபின் அவன் ஒரு நொடியும் உயிரோடு இல்லை.

இந்தக் காட்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் நெஞ்சு நிமிரும். எனக்கும் இன்றுவரை அப்படித்தான். ஆனால் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். இந்தக் காப்பியத்தில் யாரிடம் பெயர் கேட்கப்படவில்லை? பொய் சொன்ன அந்தப் பொற்கொல்லனிடம். கோவலன், கண்ணகி, மாதவி, மாதரி, ஐயை, மாடலன் என்று வழிப்போக்கர்வரை பெயர் கொடுத்த இளங்கோவடிகள், கதையையே திருப்பிப்போட்ட அவனைத் தொழிலின் பெயரால் மட்டுமே குறிக்கிறார். அரசன் தன் கடைசிப் பேச்சிலும் பொன்செய் கொல்லன் என்றுதான் சொல்கிறான்.

அதன் விளைவு நூலுக்குள்ளேயே இருக்கிறது, பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியதாகவும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தியாகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று விழா எடுத்ததாகவும், பிறகு மழை பெய்ததாகவும் நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. பின்னால் வரும் நீர்ப்படைக் காதை அதே செய்தியை, "ஈரைஞ்ஞூற்றுவர்" ஒரே பகலில் பலியானதாகச் சொல்கிறது. பொய் சொன்னவன் ஒருவன். அவனுக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் குற்றம் அந்தப் பெயரோடு நின்றிருக்கும். பெயர் இல்லாததால் அது அந்தத் தொழில் செய்த எல்லோர்மேலும் ஏறியது. விசாரிக்காமல் ஒருவனைக் கள்வன் என்று கொன்ற அரசன் அதற்காக உயிரையே விட்டான். அவனுக்குப் பின் வந்தவன் விசாரணையே இல்லாமல் ஆயிரம் பேரைக் கொன்றான். "தேரா மன்னா" என்று அவன் முன்னால் போய் நிற்க, அந்த ஆயிரம் வீடுகளிலிருந்து ஒருத்தியைக்கூடக் காப்பியம் அனுப்பவில்லை.